மன்னிப்பா, சட்டத் திருத்தமா? வியட்நாம் கைதிகளுக்காக எழுதும் கடிதத்தில் எதைக் கேட்பது

வியட்நாம் சிறைகளில் இருக்கும் எழுத்தாளர்களுக்காகவும் சூழலியல் செயல்பாட்டாளர்களுக்காகவும் கடிதம் எழுதும் நண்பர்கள் சிலர், ஒரே கேள்வியை வெவ்வேறு விதமாகக் கேட்டிருக்கிறார்கள். கையெழுத்துக்கு வரும் மனுக்களில் ஒன்று "அதிபர் மன்னிப்பு வழங்க வேண்டும்" என்கிறது. இன்னொன்று, அரசுக்கு எதிரான தகவல் பரப்புவதைக் குற்றமாக்கும் "117ஆம் பிரிவை நீக்க வேண்டும்" என்கிறது. மூன்றாவது, "சிகிச்சைக்கு வெளிநாடு அனுப்புங்கள்" என்கிறது. மூன்றிலும் கையெழுத்துப் போட்டுவிட்டால் என்ன என்று ஒரு தோழி கேட்டார். போடலாம்தான். ஆனால் நாம் ஒருவருக்காகக் கேட்பது, அவரே பல வருடங்களாக வேண்டாம் என்று மறுத்துவந்ததாக இருந்துவிடக்கூடும்.

அப்படி ஒருவர் இருக்கிறார். ட்ரான் ஹுயின் யுய் துக். இணையத் தொலைபேசித் தொழிலில் முன்னேறியவர். நாட்டின் பொருளாதாரம், ஆட்சி பற்றி வலைப்பதிவில் எழுதியவர். 2009 மே மாதம் கைதானார். 2010 ஜனவரியில் அவரோடு சேர்த்து நால்வர் மீது ஹோ சி மின் நகரில் விசாரணை நடந்தது. குற்றச்சாட்டு, மக்கள் அரசைக் கவிழ்க்கும் செயல். வழக்கறிஞர் லே கோங் தின்னும் இளைஞர் நுயென் தியென் ட்ருங்கும் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். ஒருவருக்கு 5 வருடம், மற்றவருக்கு 7 வருடம். அவர்கள் இருவரும் தண்டனைக் காலம் முடியும் முன்பே வெளியே வந்தார்கள். துக் ஒப்புக்கொள்ளவில்லை. அவருக்கு 16 வருடம்.

பிறகு நாட்டின் குற்றவியல் சட்டத் தொகுப்பு மாறியது. 2015இல் நிறைவேறி 2018 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த புதிய தொகுப்பு, அரசைக் கவிழ்க்க 'ஆயத்தம் செய்த' நிலையிலேயே நின்றவருக்கு 1 முதல் 5 வருடம்தான் தண்டனை என்றது. புதிய சட்டம் தண்டனையைக் குறைத்தால் அந்தச் சலுகை பழைய கைதிக்கும் சேர வேண்டும் என்பதும் அதே தொகுப்பில் இருக்கும் விதி. துக் அதைப் பிடித்துக்கொண்டார். தீர்ப்பில் சொல்லியிருப்பதை அப்படியே எடுத்துக்கொண்டாலும் அது ஆயத்தம்தான். ஐந்து வருடம் எப்போதோ கடந்துவிட்டது. எனவே சட்டப்படி விடுங்கள் என்பது அவர் வாதம். மன்னிப்பு கேட்டு மனுப் போட மறுத்தார். வெளிநாடு போகவும் மறுத்தார். 2020 நவம்பரில் இதற்காகப் பட்டினி கிடந்தார். நீதிமன்றம் அசையவில்லை.

2024 செப்டம்பர் 20 அன்று, தண்டனை முடிய எட்டு மாதம் இருந்த நிலையில், அவரை வெளியே விட்டார்கள். அப்போது அதிபராகவும் கட்சியின் பொதுச் செயலாளராகவும் இருந்த தோ லாம் நியூயார்க்கில் ஐ.நா. பொதுச்சபைக்குப் புறப்படவிருந்த நேரம் அது. மன்னிப்பை ஏற்க மறுத்ததாகவும், தன்னைப் பலவந்தமாகச் சிறைக்கு வெளியே கொண்டுவந்ததாகவும் துக் பின்னர் எழுதினார். சட்டத்தைக் கேட்டவருக்கு மன்னிப்பைக் கொடுத்தார்கள்.

நமக்குப் பதினைந்து வருடக் காத்திருப்பின் முடிவு, கொண்டாட வேண்டிய செய்தி. அவருக்கு அது தன் வழக்கு தோற்றுப்போன நாள். இரண்டும் உண்மை. எதைக் கேட்பது என்று முடிவு செய்யும்போது இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் இதை முதலிலேயே சொல்கிறேன்.

## எதை வைத்து எடைபோடுவது

வியட்நாமில் கம்யூனிஸ்ட் கட்சி மட்டும்தான் கட்சி. அரசியலமைப்பின் 4ஆம் பிரிவே அதன் தலைமையை உறுதி செய்கிறது. நாடாளுமன்றமான தேசியப் பேரவை, நீதிமன்றம், அதிபர் என்று எந்தக் கதவைத் தட்டினாலும் உள்ளே இருப்பது ஒரே வீடு. அதனால் 'எது சுதந்திரமான வழி' என்ற கேள்விக்கு இங்கே இடமில்லை. நான் பார்ப்பது வேறு ஐந்து விஷயங்களை.

முதலாவது, கைதியின் மீது இருக்கும் பிரிவு எண். இதைப் பார்க்காமல் எழுதும் கடிதம் வீண். 109 என்றால் அரசைக் கவிழ்ப்பது. 117 என்றால் அரசுக்கு எதிரான தகவல்களைத் தயாரிப்பது, வைத்திருப்பது, பரப்புவது. 331 என்றால் 'ஜனநாயக உரிமைகளைத் தவறாகப் பயன்படுத்துவது'. 200 என்றால் வரி ஏய்ப்பு. இவற்றில் 109உம் 117உம் தேசப் பாதுகாப்புக் குற்றங்கள். மற்ற இரண்டும் அப்படி இல்லை. இந்த ஒரு வேறுபாடு பாதி முடிவைத் தீர்மானித்துவிடும்.

இரண்டாவது காலம். மூன்றாவது, அந்த வழி கைதியிடம் என்ன விலை கேட்கிறது. நான்காவது, அவர் வெளியே வந்தபின் அது நிலைக்குமா, அடுத்து கைதாகப் போகிறவருக்கு ஏதாவது பயன் உண்டா. ஐந்தாவது, சாவி யார் கையில். ஐந்தும் சம எடை கொண்டவை அல்ல. என்னைக் கேட்டால் மூன்றாவதுதான் கனமானது. ஆனால் சிறையில் ஒருவர் உடல்நலம் குலைந்து கிடக்கும்போது இரண்டாவது மற்ற எல்லாவற்றையும் தள்ளிவிட்டு முன்னால் வந்து நிற்கும். துக் இருந்த நெகே ஆன் மாகாணத்து 6ஆம் எண் சிறையில்தான் குடிமக்கள் செய்தியாளர் தோ கோங் துவோங் 2022இல் இறந்தார். அவருக்கு எந்தச் சட்டத் திருத்தமும் இனி உதவாது.

## முதல் வழி: அதிபரின் சிறப்பு மன்னிப்பு

வியட்நாமிய மொழியில் இதற்கு 'தக் சா' என்று பெயர். பேரவை அறிவிக்கும் பொது மன்னிப்பு வேறு. அதிபர் கையெழுத்திடும் இது வேறு. 2007இல் இதற்கென ஒரு சட்டம் வந்தது. அதை மாற்றி 2018 நவம்பரில் புதிய மன்னிப்புச் சட்டம் நிறைவேறி, 2019 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. முக்கிய நாட்டு நிகழ்வுகள், பெரிய விழாக்கள், அல்லது சிறப்புத் தேவை ஏற்படும்போது அதிபர் இதை வழங்கலாம்.

எண்ணிக்கையைப் பார்த்தால் இதைவிடப் பெரிய கதவு இல்லை. நாட்டு விடுதலையின் 70ஆம் ஆண்டான 2015இல் 18,000 பேருக்கும் மேல் வெளியே வந்தார்கள். 2024 செப்டம்பர் இறுதியில் 3,765 பேர். 2025இல் இரண்டு முறை நடந்தது: போர் முடிந்த 50ஆம் ஆண்டை ஒட்டி 8,000க்கும் மேல், செப்டம்பர் 2 தேசிய நாளின் 80ஆம் ஆண்டுக்கு ஏறத்தாழ 13,900. வேகமும் உண்டு. அளவுகோல் அறிவித்து இரண்டு மாதத்தில் ஆட்கள் வீட்டில் இருப்பார்கள். திருட்டு, கடன் மோசடி, சாலை விபத்து வழக்குகளில் உள்ளே இருக்கும் ஏழைக் குடும்பத்து ஆட்களுக்கு இது பெரிய ஆறுதல். அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை.

சரி, நாம் கடிதம் எழுதும் ஆட்களுக்கு? 2018 சட்டம் மன்னிப்புக்குப் பரிந்துரைக்கக் கூடாத குற்றங்களைப் பட்டியல் போட்டு வைத்திருக்கிறது. 109உம் 117உம் அதில் இருக்கின்றன. 'அந்த விழாவுக்கு இவரையும் விடுங்கள்' என்று 117ஆம் பிரிவுக் கைதிக்காக எழுதினால், சட்டமே அடைத்துவைத்த கதவை நாம் தட்டிக்கொண்டிருக்கிறோம். 331 அந்தப் பட்டியலில் இல்லை. 200உம் இல்லை. அவர்களுக்குக் கதவு திறந்தே இருக்கிறது, நிபந்தனைகளோடு.

அந்த நிபந்தனைகளில்தான் விலை இருக்கிறது. கைதியே விண்ணப்பம் எழுதிக் கொடுக்க வேண்டும். தண்டனையில் மூன்றில் ஒரு பங்காவது முடிந்திருக்க வேண்டும். அபராதம், நீதிமன்றச் செலவு பாக்கி இருக்கக்கூடாது. நடத்தை மதிப்பீட்டில் 'நன்று' அல்லது அதற்கு அடுத்த தரம் வாங்கியிருக்க வேண்டும். அந்தத் தரம் போடுவது சிறை நிர்வாகம். நான் குற்றம் செய்யவில்லை என்று ஒவ்வொரு மாதமும் சொல்லிக்கொண்டிருப்பவருக்கு 'திருந்தி வருகிறார்' என்று யார் எழுதுவார்கள்?

இன்னொரு விஷயம். அரசியல் வழக்குகளை விசாரிப்பது பொதுப் பாதுகாப்பு அமைச்சகம். சிறைகளை நடத்துவதும் அதுவே. மன்னிப்புக்கான கோப்புகளைத் தொகுத்து ஆலோசனைக் குழுவுக்குக் கொண்டுபோவதிலும் அதுவே முன்னால் நிற்கிறது. பிடித்தவரே, பூட்டியவரே, திறக்கலாமா என்று சொல்பவரும் அவரே.

இந்தச் சட்டத்தில் ஒரு சின்னக் கதவும் உண்டு. நாட்டின் உள்நாட்டு, வெளிநாட்டுத் தேவைகளுக்காக, வழக்கமான நிபந்தனைகள் எதுவும் இல்லாமலே அதிபர் ஒருவரை விடுவிக்கலாம். 'வெளிநாட்டுத் தேவை' என்று சட்டமே வெளிப்படையாகச் சொல்லிவிடுவது நமக்கு உதவுகிறது. ஒரு தலைவரின் பயணம், ஒரு வர்த்தகப் பேச்சு, ஒரு மனித உரிமை உரையாடல் நடக்கும் வாரத்தில் கடிதங்களுக்கு மதிப்பு கூடுகிறது. ஆனால் கைதி ஒரு பேரப் பொருளாகிவிடுகிறார். ஒருவரை விட்டதற்குப் பாராட்டு வாங்கிக்கொண்டு அடுத்த மாதம் இன்னொருவரைப் பிடிக்க எந்தத் தடையும் இல்லை. மறைந்திருக்கும் செலவு என்று நான் இதைத்தான் சொல்வேன். விழா இல்லாத வருடம், கதவும் இல்லை: 2016க்குப் பிறகு 2021 வரை பெரிய அளவில் மன்னிப்பு எதுவும் வரவில்லை.

இந்த வழி சிறந்ததாகும் இடம் தெளிவு: 331 அல்லது 200ஆம் பிரிவு, மூன்றில் ஒரு பங்கு முடிந்த தண்டனை, விண்ணப்பம் எழுதக் கைதிக்குச் சம்மதம்.

## இரண்டாம் வழி: தண்டனைக் குறைப்பும் நிபந்தனையோடு முன்விடுதலையும்

இதைப் பற்றி நீட்டிப் பேச அதிகமில்லை. குற்றவியல் தொகுப்பின் 66ஆம் பிரிவு, முதல்முறைக் குற்றவாளி பாதித் தண்டனையை முடித்திருந்தால் நீதிமன்றம் அவரை நிபந்தனையோடு வெளியே விடலாம் என்கிறது. மீதிக் காலம் முழுக்கக் கண்காணிப்பு. மீறினால் திரும்ப உள்ளே. தேசப் பாதுகாப்புக் குற்றங்களுக்கு இது கிடையவே கிடையாது. 63ஆம் பிரிவுப்படி மாதக்கணக்கில் தண்டனையைக் குறைப்பது எல்லோருக்கும் பொது என்றாலும், அங்கேயும் நடத்தைத் தரம் குறுக்கே நிற்கிறது.

இதன் நல்ல பக்கம், ஓசையில்லாமல் நடப்பது. சூழலியலுக்கான கோல்ட்மேன் பரிசு பெற்ற நுய் தி கான் வரி வழக்கில் உள்ளே போனவர். தண்டனை முடியச் சில மாதம் இருக்கும்போதே 2023 மே மாதம் வீட்டுக்கு வந்துவிட்டார். ஓசையில்லாமல் நடக்க வேண்டிய இடத்தில் நம் பெருந்திரள் மனு கெடுதலும் செய்யலாம். குடும்பம் 'இப்போது எழுதாதீர்கள்' என்று சொன்னால், எழுதாமல் இருப்பதுதான் உதவி.

## மூன்றாம் வழி: சிறையிலிருந்து நேராக விமான நிலையம்

நுயென் வான் ஹாய் என்ற வலைப்பதிவர் 2014 அக்டோபரில் சிறையிலிருந்து நேராக அமெரிக்க விமானத்தில் ஏற்றப்பட்டார். வழக்கறிஞர் நுயென் வான் தாய் 15 வருடத் தண்டனை பெற்று இரண்டே மாதத்தில், 2018 ஜூனில், ஜெர்மனி போய்ச் சேர்ந்தார். 'காளானின் அம்மா' என்ற பெயரில் எழுதிய நுயென் நோக் நியு குயினுக்கு 10 வருடம் விதித்திருந்தார்கள். 2018 அக்டோபரில் தன் தாயோடும் இரண்டு குழந்தைகளோடும் அமெரிக்கா போனார். காளான் என்பது மகளின் செல்லப்பெயர்.

காலம் என்ற அளவுகோலில் இதற்கு ஈடு இல்லை. 109, 117 என்ற தடையும் இதற்கு இல்லை. ஒரு வல்லரசுத் தூதரகம் பட்டியலோடு வந்தால் போதும். ஆனால் விலை? நாடு. தண்டனையை ரத்து செய்வதில்லை, நிறுத்தித்தான் வைப்பார்கள். திரும்பி வந்தால் மீதியை அனுபவி என்று சொல்ல முடியும். பெற்றோரின் கடைசி நாட்களுக்கு வர முடியாது. அதோடு, அரசைக் கேள்வி கேட்கும் குரல் ஒன்று நாட்டுக்குள் குறைகிறது. ஆளும் கட்சிக்கு அது செலவில்லாத லாபம்.

இதை ஏற்றுக்கொண்டவர்களைக் குறைசொல்ல யாருக்கும் தகுதியில்லை. சின்னக் குழந்தைகளை வெளியே விட்டுவிட்டு உள்ளே இருக்கும் தாயிடம் போய்க் கொள்கை பேச முடியுமா? என் கருத்து இவ்வளவுதான்: இந்த வழியை அவர் கேட்கும்வரை நாம் கேட்கக்கூடாது. 'வெளிநாடு அனுப்புங்கள்' என்று முன்கூட்டியே எழுதப்படும் ஒவ்வொரு மனுவும், அரசுக்குப் பிடித்த தீர்வை நாமே தட்டில் வைத்துக் கொடுப்பது. விதிவிலக்கு ஒன்று உண்டு, உள்ளே கிடைக்காத சிகிச்சை உடனே தேவைப்படும் நோய். அங்கேகூட முதலில் கேட்க வேண்டியது, வெளி மருத்துவமனையில் சிகிச்சை. பிறகு உடல்நலத்தின் பேரில் தண்டனை நிறுத்தம். வெளிநாடு அதற்கும் அப்புறம்.

## நான்காம் வழி: சட்டத்தையே மாற்றச் சொல்வது

'ஒரே கட்சி நாட்டில் சட்டத் திருத்தமா, நடக்கிற காரியமா?' என்று பலர் கேட்கிறார்கள். நடக்கும். நடந்திருக்கிறது. மரண தண்டனைக்குரிய குற்றங்களின் எண்ணிக்கையைப் பாருங்கள்: 1999 தொகுப்பில் 29, 2009 திருத்தத்தில் 22, 2015 தொகுப்பில் 18, 2025 ஜூனில் பேரவை நிறைவேற்றிய திருத்தத்தில் 10. கடைசித் திருத்தம் எட்டுக் குற்றங்களுக்கு மரண தண்டனையை நீக்கிவிட்டது: கையாடல், லஞ்சம், உளவு, போதைப்பொருள் கடத்திச் செல்வது, போலி மருந்து தயாரிப்பு போன்றவை. அரசைக் கவிழ்ப்பதும் அவற்றில் ஒன்று. 2025 ஜூலை 1க்கு முன் தண்டனை பெற்று, அது நிறைவேற்றப்படாமல் இருந்தவர்களுக்கு ஆயுள் தண்டனையாக மாறியது. சைகோன் வணிக வங்கியின் பெரும் கையாடல் வழக்கில் மரண தண்டனை பெற்ற ட்ருவோங் மீ லானும் அதில் அடங்குவார்.

இதைத்தான் மன்னிப்பால் செய்ய முடியாது. யாரும் விண்ணப்பம் எழுதவில்லை, யாரும் வருந்துகிறேன் என்று கையெழுத்துப் போடவில்லை, விழா எதுவும் வர வேண்டியிருக்கவில்லை. பெயர் தெரியாத கைதிக்கும் பெயர் தெரிந்த கைதிக்கும் ஒரே நாளில் ஒரே பலன். வியட்நாமில் மரண தண்டனை எண்ணிக்கை அரசு ரகசியம். நாம் பெயரைக்கூடக் கேள்விப்படாத எத்தனையோ பேருக்காக யாரும் கடிதம் எழுதியிருக்க முடியாது. சட்டம் அவர்களைத் தேடிப் போனது.

இப்போது மறுபக்கம். இது நடந்ததற்குக் காரணம் கட்சிக்கே அது தேவைப்பட்டது. மரண தண்டனை இருக்கும் வழக்குகளில் வெளிநாடுகள் ஆளை ஒப்படைக்கத் தயங்குகின்றன. கையாடிய பணத்தைத் திரும்பப் பெற, ஆள் உயிரோடு இருப்பது நல்லது. அரசுக்கு லாபமான இடத்தில் சட்டம் நகர்ந்தது. அதே திருத்தத்தில் 109ஆம் பிரிவின் உச்சத் தண்டனை குறைந்தது. 'கவிழ்ப்பது' என்றால் என்ன என்ற வரையறை அப்படியே இருக்கிறது. 117லும் 331லும் கை வைக்கவில்லை.

இந்த வழியின் மறைமுகச் செலவுகள் மூன்று. அவற்றைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் சட்டத் திருத்தத்தைக் கேட்பவர்கள் பெரும்பாலும் இவற்றை எண்ணிப் பார்ப்பதில்லை.

ஒன்று, எண் மாறும், பொருள் மாறாது. 1999 தொகுப்பின் 88ஆம் பிரிவை நீக்கச் சொல்லி உலகமெங்கும் எழுதினார்கள். 2015 தொகுப்பில் 88 போய்விட்டது, 117 வந்தது. 258 போய் 331 வந்தது. 79 போய் 109 வந்தது. போதாததற்கு, ஆயத்தம் செய்வதற்குத் தனித் தண்டனையும் எழுதிச் சேர்த்தார்கள். விமர்சகர்கள் கண்டித்த அந்த வரியைத்தான் துக் தன் விடுதலைக்கு ஆதாரமாகக் காட்டினார் என்பதை நினைத்துப் பார்க்கிறேன். மோசமான சட்டத்தில்கூட ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு நிற்க முடிந்தது அவரால்.

இரண்டு, நீக்கிய பிரிவு உடனே சாவதில்லை. பத்திரிகையாளர் ஃபாம் தோவான் ட்ராங் 2020 அக்டோபரில் கைதானார். 2021 டிசம்பரில் 9 வருடத் தண்டனை. எந்தப் பிரிவில் தெரியுமா? பழைய 88. எழுதிய காலத்தில் அதுதான் நடைமுறையில் இருந்தது என்று காரணம். நடைமுறையிலிருந்து போய் நான்கு வருடம் ஆகப்போகும் பிரிவில் ஒருவர் சிறைக்குப் போனார்.

மூன்று, ஒரு பிரிவை அடைத்தால் குற்றச்சாட்டு வேறு பிரிவுக்கு நகரும். ஐரோப்பிய ஒன்றியத்தோடு செய்த வர்த்தக ஒப்பந்தம் 2020 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. அந்த அழுத்தத்தில் தொழிலாளர் சட்டம் திருத்தப்பட்டு, தொழிலாளர்கள் தங்கள் ஆலையில் சொந்த அமைப்பு வைத்துக்கொள்ளலாம் என்று காகிதத்தில் வந்தது. அந்த ஒப்பந்தத்தைக் குடிமக்கள் சார்பில் கண்காணிக்க முன்வந்த வழக்கறிஞர் தாங் தின் பாக் 2021இல் கைதானார். அரசு எதிர்ப்பு என்ற குற்றச்சாட்டே இல்லை. வரி ஏய்ப்பு, 5 வருடம். சூழலியல் செயல்பாட்டாளர் ஹோவாங் தி மின் ஹோங்குக்கு அதே வரிப் பிரிவில் 3 வருடம்.

காலத்தையும் சொல்லிவிடுகிறேன். முழுத் தொகுப்பு 1985, 1999, 2015 என்று பதினைந்து வருடத்துக்கு ஒருமுறைதான் புதிதாக எழுதப்பட்டிருக்கிறது. இடையில் திருத்தங்கள் வரும், ஆனால் யாருடைய தண்டனைக் காலத்தையும் கணக்குப் பார்த்து வராது.

## ஒரே பார்வையில்

| வழி | யாருக்குக் கிடைக்கும் | காலம் | கைதி தரும் விலை | அடுத்தவருக்குப் பயன் |
|---|---|---|---|---|
| சிறப்பு மன்னிப்பு | 331, 200. 109/117க்கு அதிபரின் தனி முடிவு மட்டும் | விழாவை ஒட்டி, சில மாதம் | விண்ணப்பம், நடத்தைத் தரம், அபராதம் | இல்லை |
| குறைப்பு, முன்விடுதலை | முன்விடுதலை தேசப் பாதுகாப்பு வழக்குகளுக்கு இல்லை | பாதித் தண்டனைக்குப் பிறகு | கண்காணிப்பு, மௌனம் | இல்லை |
| வெளிநாடு அனுப்புதல் | வெளிநாட்டு அரசு கேட்கும் பெயர்கள் | வாரங்கள்கூட ஆகலாம் | நாடு | இல்லை. குரல் ஒன்று குறையும் |
| சட்டத் திருத்தம் | அந்தப் பிரிவில் உள்ள எல்லோருக்கும் | பல வருடம் | எதுவும் இல்லை, காத்திருப்பைத் தவிர | உண்டு |

கடைசி வரிசையில் 'காத்திருப்பைத் தவிர' என்று இரண்டு சொல்லில் எழுதிவிட்டேன். துக்கின் குடும்பம் ஹோ சி மின் நகரிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த சிறைக்குப் போய் வந்தது. அந்த இரண்டு சொல்லுக்குள் அதுவும் இருக்கிறது.

## அப்படியானால் எந்த மனுவில் கையெழுத்து

331ஆம் பிரிவில் இரண்டு மூன்று வருடத் தண்டனை, வீட்டில் கைக்குழந்தை, விண்ணப்பம் எழுதக் கைதி தயார் என்றால் மன்னிப்பைக் கேளுங்கள். தயங்க வேண்டாம். கொள்கையின் பேரில் ஒருவரை மேலும் ஒரு வருடம் உள்ளே இருக்கச் சொல்லும் உரிமை நமக்கில்லை.

117ஆம் பிரிவில் ஏழு எட்டு வருடம், குற்றத்தை மறுப்பவர் என்றால் கடிதத்தில் 'மன்னிப்பு' என்ற சொல்லே வர வேண்டாம். தமிழில் பொது மன்னிப்பு, சிறப்பு மன்னிப்பு என்று எழுதிப் பழகிவிட்டோம். மன்னியுங்கள் என்று கேட்டாலே தவறு நடந்தது என்று ஒப்புக்கொண்டதாகிவிடுகிறது. அவர் ஒவ்வொரு நாளும் மறுத்து நிற்பதை நாமே நம் கடிதத்தில் ஒப்புக்கொடுத்துவிடுவோம். 'விடுதலை செய்யுங்கள்' என்று எழுதலாம். அதோடு சட்டத்தையும் சேர்த்துக் கேட்கலாம். 117ஐ நீக்குவது தொலைவில் இருந்தால், கிட்டத்தில் இருப்பதைக் கேளுங்கள்: மன்னிப்புச் சட்டத்தின் தடைப் பட்டியலிலிருந்து 117ஐ எடுக்க வேண்டும், நடத்தைத் தரம் போடும்போது குற்றத்தை ஒப்புக்கொள்வதை அளவுகோலாக்கக் கூடாது, தண்டனையைக் குறைக்கும் புதிய விதிகளைப் பழைய கைதிகளுக்குத் தாமதமின்றிப் பொருத்த வேண்டும். மூன்றும் சிறிய திருத்தங்கள். கட்சி தன் முகத்தைக் காப்பாற்றிக்கொண்டே செய்யக்கூடியவை. என் ஓட்டு இதற்குத்தான். இப்போது சுற்றில் இருக்கும் மனுக்களில் இந்த நடுவழி இல்லாததுதான் என் குறை.

நோய் முற்றியவர் என்றால் மேலே சொன்ன வரிசையில் சிகிச்சை, தண்டனை நிறுத்தம், கடைசியாக வெளிநாடு.

கைதியின் விருப்பம் தெரியாத நிலையில் என்ன செய்வது என்று கேட்கிறீர்கள். பல சமயம் அது எழுத்திலேயே இருக்கும். தோவான் ட்ராங் தான் கைதாகக்கூடும் என்று தெரிந்து, 2019 மே மாதமே ஒரு கடிதம் எழுதி வைத்திருந்தார். கைதானபின் அது வெளியானது. தன் ஒருத்தியின் விடுதலை போதாது என்றும், தான் சிறையில் இருப்பதை வைத்துத் தேர்தல் சட்டத்தையும் பேரவை பற்றிய சட்டத்தையும் மாற்றும்படி அழுத்தம் கொடுங்கள் என்றும் அதில் கேட்டிருந்தார். அவருக்காக வரும் மனுக்களில் தேர்தல் சட்டம் என்ற சொல்லைத் தேடிப் பாருங்கள். இல்லாவிட்டால், கையெழுத்துப் போடும் முன் அந்த ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லி அமைப்பாளர்களுக்கு எழுதுங்கள்.

நாட்காட்டியும் முக்கியம். செப்டம்பர் 2க்கான மன்னிப்பு அளவுகோல் ஜூலையிலேயே வெளியாகிவிடுகிறது. ஆகஸ்டு கடைசியில் போகும் கடிதம், பட்டியல் முடிந்தபின் போகும் கடிதம். மன்னிப்பு கேட்பவர்கள் மே மாதத்துக்குள் அனுப்பிவிடுங்கள். முகவரி அதிபர் அலுவலகம், நகல் டெல்லியில் உள்ள வியட்நாம் தூதரகத்துக்கு. சட்டத் திருத்தம் கேட்பவர்கள் தேசியப் பேரவைத் தலைவருக்கு எழுதுங்கள்; பேரவை வழக்கமாக மே மாதத்திலும் அக்டோபரிலும் கூடும் என்பதால், அதற்கு ஒரு மாதம் முன்பே போய்ச் சேர்வது நல்லது. கைதியின் பெயர், பிரிவு எண், சிறையின் பெயர் மூன்றையும் முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்கள்.